‘போ’ வரவில்லை

திரையில் ‘போ’ என்று எழுத்து வந்தது.

ஸ்பீக்கர் ‘வா’ என்றது.

காலையிலிருந்து இதே கூத்துதான். அவள் மேசைக்கடியில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

எதிரே சக்கர நாற்காலியில் மாரப்பன். தலையில் கம்பிகள் முளைத்த தொப்பி. பக்கவாதத்தில் பேச்சு போன மனிதர். திரையில் வரும் சொல்லை அவர் மனத்துக்குள் சொல்ல, அதைப் பிடித்து ஸ்பீக்கரில் பேசவைப்பது அவள் வேலை. தண்ணி, பசி, வலி, ஆமா, வா எல்லாம் பிடிபட்டுவிட்டன.

‘போ’ மட்டும் மக்கர் பண்ணியது.

இத்தனைக்கும் அவர் பஸ் கண்டக்டர். ‘போலாம் ரைட்’ சொல்லியே தேய்ந்த வாய்.

“மதியத்துக்குள்ள வரலைன்னா வேற ஆள உக்கார வச்சிரலாம்” என்று சொல்லிவிட்டான் நவநீதன். அவளைவிடச் சின்னவன், ஆனால் கம்பெனி அவனுடையது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

வேற ஆள். அப்படியென்றால் மாரப்பன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பேச்சில்லாமலே வீட்டுக்குத் திரும்புவார்.

யாரிடமாவது சொல்வதுபோல் நினைத்தால் சுலபமாக வரும் என்று அவர் மனைவி ராசாமணியம்மாளை அவருக்கு எதிரில் உட்காரவைத்ததும் அவள்தான்.

மறுபடி ‘போ’.

‘வா.’

மறுபடி.

‘வா.’

கம்பிகளை மாற்றினாள். புரோகிராமை மாற்றினாள். பேனா மூடியைக் கடித்துத் துப்பினாள். ஜன்னலுக்கு வெளியே அவினாசி ரோட்டில் பஸ்கள் போயின. அவையாவது போயின.

ராசாமணியம்மாள் எழுந்தார். உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கும் அலுத்திருக்கும்.

“ஏனுங்க, கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வந்தர்றனுங்க.”

திரையில் எழுத்து எதுவும் இல்லை.

‘வா’ என்றது ஸ்பீக்கர்.

கதவு வரை போனவர் அவசரமாகத் திரும்பி வந்தார். “கூப்டீங்களா?”

மாரப்பன் இமைகளைப் படபடவென்று அடித்தார். இல்லை என்று சொல்ல அவரிடம் அதுதான் இருந்தது.

அவள் கால் ஆட்டம் நின்றது.

தொப்பி பிடித்த பதிவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு ‘வா’வுக்கும் முன்னால் நீளமாக ஏதோ இருந்திருக்கிறது. வெறும் இரைச்சல் என்று அவளே வெட்டி எறிந்த துண்டு. எல்லாவற்றிலும் அதே நீளம், அதே நெளிவு.

கட்டிய பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்து வெறும் ‘போ’ எந்த மனுஷனுக்கு வரும்?

தலையில் அடித்துக்கொண்டாள். வெட்டியதை ஒட்டினாள். அந்தத் துண்டுக்கும் ஒரு சொல்லைக் கொடுத்தாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தாள்.

“அம்மா, நீங்க கிளம்புங்க.”

ராசாமணியம்மாள் மறுபடி கதவருகே போனார். “போயிட்டு வர்றனுங்க.”

‘போயிட்டு வா’ என்றது ஸ்பீக்கர்.

வெளியே நவநீதன் நடை நின்றது.

விடை கொடுத்தாயிற்று. அந்த அம்மாள்தான் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார், போகாமல்.