ஓசி சீஸ்

“ஓசியில கிடைச்சுது, தின்னேன். உன் மேல பாசம்னு நினைச்சுக்காதே.”

பாய்லர் மெக்கானிக் பீப்பாய் சொன்ன இந்தக் காரணத்தை ஹோட்டல் பார் சூப்பர்வைசர் பல வருஷமாகவே முழுசாக நம்பியதில்லை. நம்பாமல் இருக்கவும் வழியில்லை. பீப்பாயின் வயிற்றைப் பார்த்த யாரும் அதை மறுத்துப் பேச மாட்டார்கள்.

நடந்தது இதுதான்.

சூப்பர்வைசர் குடியை விட்டிருந்த புதிது. கோபித்துக்கொண்டு போயிருந்த மனைவி அப்போதுதான் பிள்ளையோடு திரும்பி வந்திருந்தாள். ஹோட்டல் மேனேஜர் கூப்பிட்டார்.

“வொயினை நாக்குல வைக்க மாட்டேங்கிற. எந்த சீஸுக்கு எந்த வொயின்னு விருந்தாளிக்கு எப்படிய்யா சொல்லுவ?”

“குடிக்காத விருந்தாளிங்களும் வர்றாங்க சார். அவங்களுக்கு சீஸோட பழ ஜூஸ் வைக்கலாம். பொருத்தம் பார்த்து.”

“கல்யாணமா பண்ணி வைக்கப் போற?”

“ஒரு தடவை செஞ்சு காட்டறேன் சார்.”

“சரி, நம்ம ஆளுங்களுக்கே வெச்சுப் பாரு. தட்டு காலியானா ஜூஸ். மிச்சம் இருந்தா நாளையிலேர்ந்து நீ வொயினை ருசி பார்க்கிற. இல்லேன்னா வேற இடம் பார்க்கிற.”

ருசி பார்ப்பது என்றால் என்னவென்று சூப்பர்வைசருக்குத் தெரியும். முதல் மடக்குதான் ருசி. அதற்கப்புறம் நடப்பதை மனைவியிடம் கேட்டால் சொல்வாள்.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும், ஊழியர்கள் சாப்பிடும் அறையில் நீள மேசையைத் துடைத்துத் தயார் செய்தார். வொயின் கிளாஸ்களிலேயே ஜூஸ். கெட்டியான பழைய சீஸுக்கு ஆப்பிள். வெண்ணெய் மாதிரி இளகும் வெள்ளை சீஸுக்கு மாதுளை. நீலம் பூத்த சீஸுக்குப் பேரிக்காய். ஆட்டுப்பால் சீஸுக்குக் கறுப்புத் திராட்சை. துவர்ப்புக்காக அதில் ஆறிய டீ டிகாக்‌ஷன் கொஞ்சம்.

தலைமைச் சமையல்காரர் முகர்ந்து பார்த்தார். “இது ஜூஸா, இருமல் மருந்தா?”

சலவைப் பிரிவுக்காரர் நீல சீஸைத் தள்ளி வைத்தார். “இந்த சாக்ஸை நான் போன வாரமே துவைச்சேனே.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவருக்காக வேலை வந்தது. ஒருத்தருக்கு போன். இன்னொருத்தருக்குக் காய்கறி வண்டி. விஷயம் என்னவென்றால், பின்பக்கம் லாரி நிற்கிற இடத்தில் சமையல்காரர் ஒரு பாட்டிலைத் திறந்திருந்தார். போனவர்கள் எட்டிப் பார்க்க வந்தபோதெல்லாம் அந்த வாசனையும் கூடவே வந்து மேசையில் உட்கார்ந்தது.

கடைசியில் பீப்பாய் மட்டும் நகரவில்லை. பாட்டில் மூடி திறக்கிற சத்தம் கேட்டாலே மூணாவது மாடியிலிருந்து இறங்கி வருகிற மனுஷன்.

தட்டுகள் அப்படியே இருந்தன. சூப்பர்வைசர் எழுந்தார்.

“நானும் பின்பக்கம் ஒரு எட்டு போயிட்டு வரேன் அண்ணே.”

“எங்க போற? உட்காரு. இந்த ஊசிப்போனதுக்கு எந்த ஜூஸ்?”

“ஊசிப்போகலண்ணே. அது அப்படித்தான் இருக்கும். பேரிக்காய் ஜூஸ்.”

“ஏன் பேரிக்காய்?”

“அதோட உப்பை இந்த இனிப்பு அடக்கும்.”

பீப்பாய் மென்றார். விழுங்கினார். “அடக்கலையே. இன்னொரு துண்டு போடு. நல்லா விளக்கமா சொல்லு, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

கேள்வி மேல் கேள்வி. துண்டு மேல் துண்டு. சமையல்காரர் கதவிடுக்கில் தலையை நீட்டி, “தின்னிப் பண்டாரம், தட்டையாவது விட்டு வை” என்றார். பீப்பாய்க்கு வேர்த்துக் கொட்டியது.

“என் பாய்லரை விட இந்த ரூம் சூடா இருக்குப்பா” என்றபடி அடுத்த தட்டை இழுத்தார்.

பதில் சொல்லச் சொல்ல, சூப்பர்வைசருக்குப் பின்கதவு மறந்தே போனது.

மேனேஜர் வந்தபோது மேசையில் நாலு தட்டும் வழித்துத் துடைத்த மாதிரி இருந்தன.

“பரவாயில்லையே. எல்லாருக்கும் பிடிச்சிருக்கு போல.”

“வெள்ளை சீஸ்தான் சார் கொஞ்சம் பத்தலை” என்றார் பீப்பாய்.

ஜூஸ் நிலைத்தது. சூப்பர்வைசரும் நிலைத்தார்.

மறுநாள் பீப்பாய் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் லீவு.

“ஜூஸ் குடிச்ச குறையைத் தீர்த்துக்கப் போயிருக்கான்” என்றார் சமையல்காரர். “ரெண்டு நாளும் பாட்டிலும் கையுமா இருப்பான்.”

சூப்பர்வைசருக்கு மனசு கசந்தது. திரும்பி வந்த பீப்பாயின் கண் குழி விழுந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்ததைப் பார்த்தால் சமையல்காரர் சொன்னது சரி என்றே பட்டது. ஏன் அன்றைக்குத் தன்னோடு உட்கார்ந்தார் என்று கேட்டபோதுதான் அந்த ஓசிப் பதில். சொல்லிவிட்டு, வழக்கம்போலப் பால் விடாத டீயை உறிஞ்சினார். கேட்டால், “பால் கன்னுக்குட்டிக்கு. நான் என்ன கன்னுக்குட்டியா?” என்பார்.

போன மாதம் பீப்பாய் ஓய்வு பெற்றார். சூப்பர்வைசர் வீட்டுக்குப் போனார், ஒரு பெட்டி நல்ல சீஸோடு.

பீப்பாயின் மனைவி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, எட்டாத உயரத்தில் அலமாரியில் வைத்தார்.

“நானும் பிள்ளைங்களும் சாப்பிட்டுக்கறோம் தம்பி. பால் பட்டாலே இவர் வயித்துக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஆகாது. ஒரு ஸ்பூன் தயிருக்கே ஊரைக் கூட்டிடுவார். இத்தனை வருஷம் கூட வேலை பார்த்தீங்களே, தெரியாதா?”

பீப்பாய் ஜன்னலுக்கு வெளியே எதையோ மிக முக்கியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி உள்ளே போகட்டும் என்று சூப்பர்வைசர் காத்திருந்தார். பிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

“அண்ணே, அந்த ரெண்டு நாளும் நீங்க பாட்டிலும் கையுமா இருந்தீங்களா, பக்கெட்டும் கையுமா இருந்தீங்களா?”