சன்னாசியின் காது

வெள்ளையாகப் படிந்திருக்கும் இடத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது, மேலே மெல்லிய மண், கீழே கொதிக்கிற தண்ணீர் என்று பத்துமலை அண்ணன் சொல்லி இன்னும் வாய் மூடவில்லை. எங்களை விட்டு வெகுதூரம் முன்னால் போயிருந்த சன்னாசி, நேராக அந்த வெள்ளையை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தார்.

கையில் பச்சை முட்டைக் கூடை. ஊற்றில் முட்டை அவித்துத் தின்ன அவருக்குத்தான் அவசரம்.

தீபாவளிக்கு மறுநாள் தோட்டத்தில் அரை நாள் விடுமுறை. காலையில் ரப்பர் மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பத்துமலை அண்ணனின் மாட்டு வண்டியில் ஏறிவிட்டோம். ஈப்போவுக்கு இந்தப் பக்கம், மலைக்கு நடுவே ஒரு குளம், அதைத் தாண்டி ஆயர் பானாஸ், அதாவது வெந்நீர் ஊற்று, என்று மூன்று மாதமாக ஆசை காட்டியவர் அவர். வழியும் அவருக்குத்தான் தெரியும். அதனால் அன்றைக்கு அவர் வைத்ததுதான் சட்டம்.

குளத்தில் பல் கிட்டிப்போகும் வரை முங்கினோம். நான் கல்யாணமான நாளில்கூட அவ்வளவு சிரித்ததில்லை.

சன்னாசிக்குக் காது மந்தம். இது தோட்டத்துக்கே தெரிந்த விஷயம். காலையில் பெயர் கூப்பிடும்போது கணக்கெழுதும் கிராணி மூன்று தடவை தொண்டை கிழியக் கத்த வேண்டும். நானும் இரண்டு வருஷமாக அவரிடம் கத்தித்தான் பேசுவேன்.

இடி மட்டும் அவருக்குக் கேட்கும். இடி இடித்தால் நாங்கள் குடியிருக்கும் லயத்தில் பெண்கள் எல்லோரும் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்போம். அவருடைய மனைவி நல்லம்மாளின் குரல்தான் எல்லோருக்கும் மேலே நிற்கும். உடனே அவர் எங்கே இருந்தாலும் திரும்பிப் பார்ப்பார். பொண்டாட்டிக்கு இடி என்றால் பயம், புருஷனுக்கு இடி இருந்தால்தான் காது என்று கேலி செய்வோம்.

"ஓய் சன்னாசி! சன்னாசி!" பத்துமலை அண்ணன் கத்தினார்.

நானும் கத்தினேன். மரத்தில் இருந்த குரங்குகள் ஓடின. அவர் திரும்பவில்லை.

ஓடிப் பிடிக்கலாம் என்றால் இடையில் முழங்கால் சேறு. இன்னும் நான்கு எட்டு, மூன்று எட்டு.

நல்லம்மாள் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள்.

"அர்ச்சுனா!"

நாங்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். ஒரு பொட்டு மேகம் இல்லை.

சுண்ணாம்பு மலை அந்தப் பெயரை வாங்கி இன்னொரு தடவை சொன்னது.

சன்னாசி நின்றார். தூக்கிய காலைப் பின்னால் வைத்துத் திரும்பினார். திரும்பிய வேகத்தில் கூடை நழுவி வெள்ளையின்மேல் விழுந்தது. விழுந்த இடம் அப்படியே உள்ளே போய், குப்பென்று ஆவி எழுந்தது.

அவர் சேற்றைச் சுற்றி எங்களிடம் வந்தார். நல்லம்மாளின் முன்னால் நின்று, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"இன்னொருக்கா கூப்பிடு, புள்ள."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பத்துமலை அண்ணன் ஒரு நீளக் கொம்பை விட்டுக் கூடையை வெளியே இழுத்தார். முட்டை எல்லாம் பதமாக வெந்திருந்தது. அதை உரித்துக்கொண்டேதான் நல்லம்மாள் விஷயத்தைச் சொன்னாள்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிற அன்று கங்காணியின் பட்டியலில் அவள் பெயர் இருந்தது, அவர் பெயர் விட்டுப்போயிருந்தது. சன்னாசி என்று யாரோ ஒருவன் வரவில்லை. அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது இவர் கையைத் தூக்கிவிட்டார். அன்றிலிருந்து ஏட்டிலும் சன்னாசி, எங்கள் வாயிலும் சன்னாசி. வேலையில் கொஞ்சம் யோசித்தாவது திரும்பிவிடுவாராம். மனசு சந்தோஷமாக இருந்துவிட்டால் மட்டும், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்க்கொண்டே இருப்பாராம்.

கடலுக்கு இந்தப் பக்கம் அவருடைய சொந்தப் பெயர் தெரிந்தவள் ஒருத்திதான். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாதவளும் அவள்தான். இடி இடிக்கும்போது மட்டும் ஆசை தீரச் சொல்லிக்கொள்வாளாம். அது இடிக்காகச் சொல்வது, குற்றமில்லையாம்.

"அப்ப அவரு காது?" என்றேன்.

"நல்லாவே கேக்கும், ராக்காயிக்கா."

இரண்டு வருஷமாக அவருக்குக் கேட்காது என்று நினைத்து, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அவரைப் பற்றி நான் பேசியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. முட்டை தொண்டையில் நின்றுவிட்டது.

இது கிராணி வரைக்கும் போகக் கூடாது என்றார் பத்துமலை அண்ணன். அன்றைய சட்டங்களில் எங்களுக்குப் பிடித்தது அதுதான்.

திரும்பும்போது மேகம் கூடிவிட்டது. சன்னாசி மாடுகளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். மலைக்குப் பின்னால் முதல் இடி உருண்டது. நல்லம்மாள் வாயைத் திறந்தாள். எங்கள் எல்லோருடைய கண்ணும் தன் மேலேயே இருப்பதைப் பார்த்து, வெட்கப்பட்டு மூடிக்கொண்டாள்.

விடுவோமா? வண்டியில் இருந்த ஏழு பெண்களும், கூடவே பத்துமலை அண்ணனும், தொண்டை வலிக்க ஒன்றாகக் கத்தினோம்.

"அர்ச்சுனா! அர்ச்சுனா!"

அவர் திரும்பினார். முகமெல்லாம் பல்.

"வாரேன் லா! ஏன் இந்தக் கத்து கத்துறீங்க, எனக்கு என்ன காதா கேக்காது?"