கண்ணாடி ஏற்றிய கார்

மனைவியின் கைப்பையைத் துழாவி, மூச்சடைத்தால் குத்திக்கொள்ளும் அவசர ஊசியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் கணவன். பிறகு காரின் நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திருப்பினான்.

விடிகாலையில் வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள், உச்சி வெயிலில்தான் இந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அவளுக்குப் பயம் எப்போதோ மரத்துப் போயிருந்தது. இடது கை வளையல்களைக் கழற்றி மடியில் போட்டாள்.

காவலாளி கண்ணாடியைத் தட்டினார். "சார், ஆம்புலன்ஸ் வர்ற இடம் இது. வண்டியை எடுங்க."

"இதோ எடுத்துடறேண்ணே."

எடுக்கவில்லை.

"போன தடவை டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?" என்றான் கணவன்.

"இருக்கு." உப்புச் சப்பில்லாத குரல். "'மாஸ்ட் செல் கோளாறு, அலர்ஜி, அது இதுன்னு நெட்டுல படிச்சுட்டு வந்து உயிரை வாங்காதீங்கம்மா. உடம்புல ஒரு தடிப்பு இல்ல, ரத்தமும் சுத்தமா இருக்கு. எல்லாம் மனப்பிரமை'ன்னாரு. உங்கம்மாவும் அதைத்தானே சொல்றாங்க. அடுப்புச் சூடு ஒத்துக்கலைங்கறது, சமையல்கட்டுக்கு டிமிக்கி கொடுக்க நல்ல வியாதியாம்."

அவன் சிரிக்கவில்லை. சென்ட் பாட்டிலை எடுத்தான். போன மாதம் அவளை மூச்சுப் பேச்சில்லாமல் சாய்த்த அதே சென்ட். அவள் முகத்துக்கு நேராகப் பீய்ச்சினான்.

முதலில் கழுத்தில் சிவப்புத் திட்டுகள். அப்புறம் உதடு வீங்கியது. மூச்சு விசிலடித்தது. அவன் ஊசியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தான்.

காவலாளியும் பார்த்துவிட்டார். கதவைத் திறந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"அடப்பாவி! கட்டின பொண்டாட்டியையே கொல்லப் பாக்கறியா? டாக்டர், ஓடி வாங்க!"

திமிறிக்கொண்டு, அவள் தொடையில் ஊசியைக் குத்தினான் கணவன்.

"ஐயோ, என்னத்தையோ ஏத்திட்டான்!"

ஓடி வந்தவர் அதே டாக்டர். அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "போலீஸைக் கூப்பிடுங்கய்யா!"

ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். மெல்ல மூச்சு திரும்பியது. வளையல் இல்லாத கையை டாக்டர் முன்னால் நீட்டினாள் அவள்.

"அவரை விடுங்க, நான்தான் சென்ட்டை அடிக்கச் சொன்னேன்... தடிப்பு இறங்கறதுக்குள்ள ரத்தம் எடுங்க, டாக்டர்."