கீழே விழும் பெல்ட்

ஆவுடையப்பன் பழைய படங்களைத் தவிர எதையும் படமென்றே ஒப்புக்கொள்ளமாட்டார். அவருக்குப் பிடித்த படத்தில் நாயகன் மனைவியை பெல்ட்டால் அடித்து ஓய்ந்ததும் அதைக் கீழே போடுவான். அவள் அழுதபடியே எடுத்து அவன் கையில் கொடுப்பாள். கொட்டகையே கைதட்டும். “இப்ப எவனுக்குய்யா வரும் இந்த நடிப்பு?” என்பார்.

வீட்டிலும் அடித்து முடித்ததும் பெல்ட்டைப் போட்டுவிட்டுக் கையை நீட்டுவார். மனைவி கோமு எடுத்துக் கொடுப்பாள்.

இன்று எடுத்தவள் கொடுக்கவில்லை. கொக்கி வெளியே தெரியும்படி நிதானமாகத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

“அந்தப் படத்தோட நாவலைப் படிச்சேங்க.”

“படத்தப் பாத்தவளுக்குப் புஸ்தகம் எதுக்குடி?”

“படத்துல முடிவ மாத்திட்டாங்க,” என்று சொல்லிக் கதவைத் தாழிட்டாள்.

அவர் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.