இடது சீட்

பழைய சின்னக் காரைக் கொடுத்துவிட்டு அதன் புது மாடலையே வாங்க வந்திருந்தாள் தமயந்தி. மதிப்புப் போட வந்த இருதயராஜ் கதவுகளைத் திறந்து பார்த்தார். “டிரைவர் சீட்டு மட்டுந்தான் தேஞ்சிருக்கு. மத்ததுல பாலிதீன் கவரே பிரிக்கல. ஒம்பது வருச வண்டின்னா யாரும் நம்பமாட்டாங்க மேடம்!” நல்ல விலை சொன்னார். புதுக் கார் கைக்கு வந்த அன்று, வழியில் பெரிய பூசணிக்காய் ஒன்று வாங்கி இடது சீட்டில் வைத்தாள். கார் கிளம்பியதும் மணி அடித்தது. யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாக அது நினைத்துக்கொண்டது. பழைய காரில் இதெல்லாம் கிடையாது. பெல்ட்டை இழுத்து மாட்டினால் சத்தம் நின்றுவிடும். அவள் மாட்டவில்லை. “எத்தன வாட்டி சொல்றது? பெல்ட்டப் போடு” என்று அதட்டினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் வீட்டுத் தெரு வந்தது. திரும்பாமல் நேராக ஓட்டினாள்.