வெயில் சீட்டு

காலை ஐந்தே முக்காலுக்கு நூல் மில் கேட்டில் தெய்வானை வழக்கம்போல் விரலை நீட்டினாள். கருவி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு சீட்டைத் துப்பியது.

'வைட்டமின் டி குறைவு. உடல்நல அலட்சியம், மூன்றாவது முறை. தினமும் பகல் பதினொரு மணிக்கு அரை மணி நேரம் வெயிலில் நிற்கவும். நான்காவது முறை வேலை நீக்கம்.'

அவளுடைய ஷிஃப்ட் ஆறிலிருந்து ஆறு. ஹாலில் இருந்த ஜன்னல்களையெல்லாம் தகரம் அடித்து மூடியிருந்தார்கள்.

சூப்பர்வைசர் கதிரேசனிடம் சீட்டைக் காட்டினாள். "நான் எங்கீங்க போயி வெயில்ல நிக்கறது?"

"லீவு நாள்ல நில்லும்மா. உன் உடம்ப நீதான் பாத்துக்கோணும்."

"ஞாயித்துக்கெழமையும் வரச் சொன்னது நீங்கதானுங்க. ஒரு ஜன்னலையாச்சும் தெறந்து உடுங்க."

"ஈரம் போச்சுன்னா நூல் அறுந்துரும்."

நூலுக்கு ஈரம் பார்க்க ஹாலில் பன்னிரண்டு மீட்டர்கள் இருந்தன. ஒரு புள்ளி இறங்கினால் மூன்று பேர் ஓடி வருவார்கள். அவளுக்கு இறங்கினால் சீட்டு வரும்.

பதினொரு மணிக்குத் தெய்வானை மெஷினை நிறுத்திவிட்டு வெளியே நடந்தாள். பக்கத்து மெஷின் ராபியாவும் தன் சீட்டை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். கொஞ்ச நேரத்தில் நாற்பது பெண்கள், சேலைமேல் போட்டிருந்த மில் கோட்டின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு வாசல் வெயிலில் நின்றார்கள்.

கதிரேசன் ஓடி வந்தான். "யாரைக் கேட்டு வெளிய வந்தீங்க? உள்ள நூலெல்லாம் அறுந்துட்டிருக்குது."

தெய்வானை சீட்டை அவன் கையில் திணித்தாள். "அறுந்த நூலுக்கெல்லாம் ஒவ்வொரு சீட்டுக் குடுங்க, உடம்பப் பாத்துக்கல, அலட்சியம்னு."