எண்ணெய் குடித்த உறை

"என் துப்பாக்கி உறைக்கு யார் எண்ணெய் போட்டது?"

நகைக்கடைக் காவலாளியான மாமனார் போட்ட சத்தத்தில் மருமகள் அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

"நான்தான் மாமா. கட்டையா விறைச்சு இடுப்பைக் குத்துதேன்னு பெல்ட்டோட சேர்த்து நல்லா ஊறத் தேய்ச்சேன்."

"பெல்ட் இளகலாம். உறை இளகலாமா? வாடின கத்தரிக்கா மாதிரி தொங்குதே!"

தோலில் ஊறிய எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தார். மெழுகு தேய்த்து மின்விசிறிக்கு நேரே பிடித்தார். உறையின் மூடியைப் போட்டு அழுத்தியதும் அது அப்படியே மடங்கியது.

"இன்னிக்கு லீவு போட்டுடுங்களேன்."

"பட்டாளத்துல இருந்த நாள்லேருந்து லீவு போட்டவன் இல்லே நான். திருடன் லீவு போடுவானா?"

"அப்போ துப்பாக்கியச் சொருகிக்கிட்டுக் கிளம்புங்க. உறையைப் பார்த்தா திருடன் பயப்படப் போறான்?"

"உறையைப் பார்த்துத்தாம்மா பயப்படறான்." மாமனார் குரலைத் தாழ்த்தினார். "சேர்ந்தப்போ முதலாளி கொடுத்தது உறை மட்டும்தான். துப்பாக்கி இன்னிக்கு வரைக்கும் தரலே."

'எங்க மாமா துப்பாக்கியோட போறவர்' என்று தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டவள் மருமகள். இப்போது வாசற்கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய், மரக்கரண்டியின் காம்பை இரண்டாக ஒடித்து எடுத்துவந்தாள்.

"இதைச் சொருகுங்க மாமா, விறைப்பா நிக்கும். உங்க பிள்ளைக்குக்கூடத் தெரிய வேண்டாம்."